வாகனம் வராத ரோடு

2022 ஜூன் 26ஆம் திகதி இலங்கையில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. அந்த வருடம் பிறந்தபோது 177 ரூபாய். மறுநாளே அரசாங்கம் இன்னொன்றும் சொல்லிவிட்டது: அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் கிடையாது. கையில் காசு வைத்திருந்தவனுக்கும் பெட்ரோல் இல்லை என்றான பிறகு ரோட்டில் என்ன ஓடும்? மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நாய்கள் நடுரோட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டன. ஹோர்ன் அடித்து எழுப்ப ஆளில்லை.

கேஸ் இல்லை, பால்மா இல்லை, வரிசையில் நின்ற இடத்திலேயே உயிர் போனவர்கள் இருந்தார்கள். அந்த மாதங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். மலையகத்தில் பிறந்த ஒரு பெண் நாற்பது வயதுக்கு மேல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏ9 வீதியில் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்குப் போக முடிந்தது என்றால், அது அந்த மாதங்களில்தான் முடிந்தது.

ஜூலை 25இல் பாடசாலைகளை வாரத்துக்கு மூன்று நாள் என்று மறுபடி திறந்தார்கள். பஸ் வந்தால் வரும். தம்பியின் லுமாலா சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு டவுனில் இருக்கிற பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார நானா சைக்கிளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“டீச்சர், மாத்தளையில மேடு மட்டும்தானே ஈக்கிது. இதுல எங்க போகப் போறீங்க?”

அவர் கேட்டது நியாயம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம், தரை அப்படி. நான் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்குப் படிக்கட்டு, அங்கிருந்து கோயிலுக்குப் படிக்கட்டு, பீலிக்குப் போகவும் படிக்கட்டு. எங்கள் டிவிஷனில் சைக்கிள் வைத்திருந்தவர் கணக்குப்பிள்ளை ஒருவர்தான். ஏற்றத்தில் அவரும் அதைத் தள்ளிக்கொண்டுதான் போவார். சைக்கிள் அவருக்கு வாகனமில்லை, அந்தஸ்து.

நான் கணக்கு டீச்சர் என்பதால் இந்த மேட்டு விவகாரத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சைக்கிள் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதரையில் இது வரம், மேட்டில் சாபம். கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 28 என்று மாற்றிப்போட்டால் ஒரு மிதிக்கு ஒரே சுற்று, இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நகர்வது பாதிக்கும் குறைவு, ஆகவே காலுக்கு வேண்டிய பலமும் பாதிக்கும் குறைவு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மலை ஏறுவதற்கு வீரம் வேண்டாம், பல் எண்ணிக்கை வேண்டும்.

எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியாகும் கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். தேடித் தந்தவரும் அதே நானாதான். கொடுக்கும்போது ஒரு பாடமும் சேர்த்துக் கொடுத்தார்: “ஏறுறதுக்குக் கியரு. எறங்குறதுக்கு மூளை. எறங்கக்குள்ள பிரேக்கைப் புடிச்சபடியே இரிக்கப்படாது. அமத்தி விடுங்க, அமத்தி விடுங்க.” காரணம் இருக்கிறது. ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வுகிற பிரேக்கில், நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் ரிம் சூடேறும். சூட்டில் உள்ளே இருக்கிற டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடித்தால் இடையில் காற்று பட்டு ஆறும். பழைய லுமாலாவின் இரும்பு ரிம்மில் இதைவிடப் பெரிய வம்பு, மழை. நனைந்த இரும்பில் ரப்பர் வழுக்கும். பிரேக் பிடித்தும் சைக்கிள் தன் பாட்டில் போகும். அலுமினிய ரிம் இருந்தால்தான் மலைப்பக்கம் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம். நானும் மீறுவதில்லை.

2023 செப்டெம்பரில் கியூஆர் முறையை நிறுத்தினார்கள். ஏ9 மறுபடி பழைய ஏ9 ஆயிற்று. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வீதி எங்கள் ஊரை ஊடுருவிப் போகிறது. தனியார் பஸ்ஸும் அரச பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தும்போது சைக்கிள்காரிக்கு மிஞ்சுவது வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு சாண் மண். ஸ்பெயினில் சைக்கிளை முந்தும் வாகனம் பக்கவாட்டில் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். ஒன்றரை மீட்டர் விட்டால் எங்கள் ரோட்டில் பல இடங்களில் பஸ் எதிர்ப்பக்கக் கானுக்குள் இறங்கிவிடும். ஆகவே ஏ9 வேண்டாம், வாகனம் வராத ரோடு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

இந்தத் தேடலில் ஒரு புதிர் இருக்கிறது. ஸ்பெயினின் தெருவேல் மாகாணம் மலை ரோட்டில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் கிராமங்களை விட்டுச் சனம் நகரங்களுக்குப் போனது. ரோடு மட்டும் அங்கேயே கிடக்கிறது. ஓஹோஸ் நெக்ரோஸ் என்ற இரும்புச் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் போன ரயில்பாதைகூட இன்று சைக்கிள் பாதை. 1993இலிருந்து அந்த நாட்டில் கைவிட்ட ரயில்பாதைகளை இப்படி மாற்றிவருகிறார்கள். இதுவரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. மாத்தளை மாவட்டம் அப்படியல்ல. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 5 இலட்சம் பேர் இருக்கிறோம், சதுர கிலோமீட்டருக்கு 250 பேர். இவ்வளவு நெருக்கத்தில் ஒரு ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்றால் அதற்கு யாரோ, எதுவோ காரணமாக இருந்தாக வேண்டும். அதைக் கேட்காமல் என்னால் அந்த ரோட்டில் மிதிக்க முடிவதில்லை.

முதலில் ரிவர்ஸ்டன் பாதை. மாத்தளையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் கடக்கிற கணவாய் ஆயிரம் மீட்டருக்கும் மேலே. ரத்தோட்டை வரைக்கும் இது ஊர் ரோடுதான். பஸ், ஓட்டோ, வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருக்கும் வீடுகள், பலாமரம், கொக்கோ, கராம்பு, இடையிடையே ரப்பர். ரத்தோட்டை சந்தியில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் புறப்பட்டால் கொஞ்சத் தூரத்தில் வீடுகள் குறையும், தேயிலை வரும், பிறகு தேயிலையும் விலகிக் காடு வரும். ஒரே காலையில் மூன்று நான்கு சீதோஷ்ணத்தைத் தோலில் உணரலாம். வேனில் போனால் கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் ஒரே பச்சை.

ஒருநாள் தேயிலை மலையோரம் கொழுந்துக் கூடையோடு நின்ற அக்கா ஒருவர் வழிமறித்தார்.

“என்னா டீச்சர், பஸ் வரலியா?”

“வந்துச்சுக்கா, நாந்தான் ஏறல.”

“ஏறலியா? காசு குடுத்தாச்சும் போயிருக்கலாமே. இந்த மேட்டுல போயி...” என்று பக்கத்து நிரையில் நின்றவரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குபவர்களுக்கு, சம்பளம் இல்லாமல் ஏறும் ஒருத்தி வேடிக்கைதான். அதில் எனக்குக் கோபமில்லை. அந்த நிரையில் என் அம்மா நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மேலே போகப்போக மரங்கள் குட்டையாகும். கணவாயில் காற்று அப்படி. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று இந்த இடுக்கு வழியாகப் புகுந்து போகும்போது நிற்கிற சைக்கிளைச் சாய்த்துவிடும், ஓட்டுகிறவரையும்தான். மழையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டர் வரை பெய்யும் இடங்கள் இந்த மலைத்தொடரில் இருக்கின்றன. கணவாயைத் தாண்டி லக்கல பக்கம் இறங்கினால், அதே மாதத்தில் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும். ரெயின்கோட்டைக் கழற்றிச் சுருட்டி வைக்கிற இடம் எனக்குத் தெரியும். ஒரு வளைவுதான், அதற்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில்.

இந்த மலைத்தொடர் நக்கிள்ஸ். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. இதன் ஈரக் காட்டில் மட்டுமே வாழும் ஓணான் ஒன்று உண்டு. அதன் மூக்கு நுனியில் இலை ஒட்டினாற்போல் ஒரு தசைமடல் நீட்டிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கிச் சைக்கிளை நிறுத்தி, மண் அணையில் கையூன்றியபோதுதான் அதைக் கண்டேன். பாசி படிந்த தண்டில், என் முழங்கை உயரத்தில், பச்சைக்கும் மண்நிறத்துக்கும் நடுவிலான உடம்போடு அசையாமல் இருந்தது. கண் மட்டும் சுழன்றது. ஓடவில்லை. நான்தான் மெல்ல நகர்ந்தேன்.

அந்த ஓணானுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டெனன்ட் என்பவருடையது. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1840களில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். அவருடைய நிர்வாகக் காலத்தில்தான் 1848இல் ரோடு கட்டளைச் சட்டம் வந்தது. வயது வந்த ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் சம்பளமில்லாமல் ரோடு போட வேண்டும், முடியாவிட்டால் மூன்று ஷிலிங் கட்ட வேண்டும். கோப்பித் தோட்டத்துக்குப் போகிற ரோட்டுக்கு ஊர்க்காரன் ஏன் கல் உடைக்க வேண்டும் என்று சனம் கேட்டது. துப்பாக்கி வரி, நாய் வரி என்று வேறு வரிகளும் சேர்ந்துகொள்ள, அந்த ஜூலையில் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான வீர புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். பாடப்புத்தகத்தில் இதைச் சுதந்திரப் போராட்டம் என்று படிக்கிறோம், சரிதான். அதன் காரணங்களில் ஒன்று ரோடு என்பதைச் சைக்கிள் மிதிக்கிறவள் மறக்கக்கூடாது.

கோப்பியின் கதையில் இன்னொரு வேடிக்கை. தோட்டத்துத் துரைமார் கேட்டுக் கேட்டு, ரயில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது 1880இல். இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியில் தென்பட்டது 1869இல். ரயில் வந்தபோது, ஏற்றுவதற்கு இருந்த கோப்பி செத்துக்கொண்டிருந்தது.

கோப்பி போனாலும், அதற்காக வெட்டிய தோட்டத்து ரோடுகள் இருக்கின்றன. சைக்கிளுக்கு இவற்றைப்போல் தோதான ரோடு வேறில்லை. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஏற வேண்டுமென்று வெட்டிய வழி. செங்குத்தாக ஏறாது, மலையைச் சுற்றிச் சுற்றி, மடிப்புக்கு மடிப்பு உள்ளே போய் வெளியே வந்து, மெதுவாக உயரும். இப்போது லயங்களுக்குப் போட்டிருக்கும் கொங்கிரீட் பாதையோ மோட்டாரை நம்பிப் போட்டது. நேரே மேலே போகும். அதில் என் 28க்கு 28உம் தோற்றுவிடும். உக்குவளையிலிருந்து எல்கடுவ, ரத்தோட்டையிலிருந்து கம்மடுவ பக்கம் போனால் இரண்டு விதத்தையும் பார்க்கலாம். பழைய வழியில் தார் பெயர்ந்து கல் தெரியும், பள்ளம் இருக்கும். அரைமணி நேரம் மிதித்தாலும் எதிரே வருவது ஒரு கொழுந்து லொறியாக இருந்தால் உண்டு.

வாகனம் ஏன் இல்லை? தேயிலை ஆட்டம் கண்டது ஒரு காரணம். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் கார்மென்டுக்கும் மத்திய கிழக்குக்கும் போனது இன்னொரு காரணம். நான் படித்த தோட்டப் பாடசாலையில் இன்று வாங்கு மிச்சம், பிள்ளை குறைவு. தெருவேல் எனக்குத் தூரமாகத் தெரியாதது இங்கேதான். ஓய்வாக ஓட்ட நல்ல ரோடு என்று வெளியூர் நண்பர்கள் புகழும்போது, தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

ரிவர்ஸ்டனைத் தாண்டி இலுக்கும்புர வழியாக இறங்கினால் வருவது லக்கல. அதன் பழைய நகரமான பல்லேகம இப்போது தண்ணீருக்கடியில். களு கங்கை நீர்த்தேக்கத்தை 2018இல் நிரப்பத் தொடங்கினார்கள். ஊரை எழுப்பிப் புதிய லக்கல நகரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ரோடு அகலம், கறுப்பு, புத்தம் புதிது. அதில் ஓடும் வாகனம் அந்த அகலத்துக்குப் போதாது. பக்கத்தில் அம்பன் கங்கையை மறித்த மொரகஹகந்த நீர்த்தேக்கம். இந்த மாவட்டத்தில் தண்ணீருக்கு வழிவிட்டு இடம் பெயர்ந்தது ஊர் மட்டுமல்ல. ஏ9இல் நாவுலவுக்கு முன்னால் சின்னக் கிளைப்பாதையில் திரும்பினால் நாலந்த கெடிகே. பல்லவர் பாணியில் கட்டிய கற்கோயில். போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காக 1970களில் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மறுபடி அடுக்கியது. மாமல்லபுரம் பார்த்தவர்கள் அதன் கூரை வளைவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த அந்தக் கிளைப்பாதைதான் நான் முதலில் புதிய சைக்கிளைப் பழகிய இடம்.

இன்னும் கீழே, ஹெட்டிப்பொல, வஸ்கமுவ பக்கத்தில் சமதரை ரோடு நீளமாகக் கிடக்கும். மாலை நான்குக்குப் பிறகு ஈ காக்கா இருக்காது. சைக்கிளுக்குச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நேரம் யானைக்குரியது. சைக்கிளில் சத்தமில்லை என்பதுதான் ஆபத்து. நாம் வருவது யானைக்குத் தெரியாது, வளைவில் யானை நிற்பது நமக்குத் தெரியாது. நான் அங்கே காலை எட்டுக்கு முன்னும் போவதில்லை, மூன்றுக்குப் பின்னும் நிற்பதில்லை.

ஏ9ஐத் திட்டிவிட்டேன், ஆனாலும் அதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்து தலைமன்னாரில் இறங்கிய எங்கள் பாட்டன் பூட்டன்மார் காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்த என்று நடந்துதான் மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. எங்கள் சனம் வந்து 200 வருடமானதை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. நடைபவனி டவுனுக்குள் வந்தபோது பொலிஸார் வாகனங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெட்ரோல் இருந்தும் அந்த ரோடு வெறுமையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு, போயா நாட்களில் ரிவர்ஸ்டன் பக்கம் தலைவைக்காதீர்கள். வேனும் மோட்டார் சைக்கிளும் பாட்டுப் பெட்டியுமாகக் கணவாய் நிறைந்திருக்கும். வார நாளில், விடிந்ததும் ரத்தோட்டையைத் தாண்டிவிடுவது நல்லது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை தோதான காலம். மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் வீட்டில் இருங்கள். ரத்தோட்டைக்கு அப்பால் சைக்கிள் கடையை நம்ப முடியாது. டியூப் ஒன்று, கைப்பம்பு ஒன்று, பிரேக் கட்டை ஒரு சோடி, தீப்பெட்டி அளவு ஒட்டுச் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமான இடங்களில் நின்றால் அட்டை ஏறும், உப்பு வேண்டும். வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டால் இலுக்கும்புரப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பாடசாலை இல்லை.